மைல்ஸ் வீட்டு அடுப்பு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: ஊர் நிலமெல்லாம் சொந்தமான ஆங்கிலேயப் பிரபுவின் ஏஜெண்ட் கிரிம்ஷா, இங்கிலாந்துக்காரர். எங்கள் ஊர்ப் போலீஸ்காரன் கியோ. காய்ச்சலில் கிடந்த மைல்ஸ் டர்கன். கூலிக்குப் போன நான். இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

உருளைக்கிழங்கு அழுகிய மூன்றாம் வருடம், டிசம்பர். எங்கள் மேயோ மாவட்டத்தில், குத்தகை கட்ட முடியாதவர்களை வீடு வீடாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே ஆள் இருக்கக்கூடாது, அடுப்பில் நெருப்பு இருக்கக்கூடாது. அப்போதுதான் வீடு பிரபுவின் கைக்கு வரும்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி இந்த நெருப்புப் பக்கத்துல படுத்துக்கறேன்டா, ஃபெஸ்டி," என்றான் மைல்ஸ்.

கிரிம்ஷா சிரித்தார். "சாகறதுல கெட்டிக்காரங்களாச்சே நீங்க! வெளியே போய் சாகச் சொல்லு."

நான் கால்களைப் பிடித்தேன், கியோ தோள்களை. எதிரே பள்ளத்தில் போட்டோம். மழை. திரும்பி வந்து அடுப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.

"காலைல வரைக்கும் உள்ளே நீ காவல். அவனுக்கு இடம் குடுத்தே, உன் வீடும் போச்சு," என்றார் கிரிம்ஷா.

"தெரியும் ஐயா."

என் வீட்டில் மனைவி வின்னி, இரண்டு பெண் பிள்ளைகள்.

அவர் குதிரையேறிப் போனார். பள்ளத்துக்குக் காவலாகக் கியோ தெருவில் நின்ற வண்டிக்கடியில் ஒதுங்கினான். நான் தாழ் போட்டேன். இருட்டியது.

பள்ளத்தில் இருமல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வேலியருகே. அப்புறம்... வாசற்படியில்.

"இங்கே இருக்கற எல்லாரையும் கடவுள் காப்பாத்தட்டும்."

எங்கள் ஊர்ப்பக்கம் வாசலில் வந்து நிற்பவர் சொல்வது இது. உள்ளிருப்பவர் பதில் சொன்னால் வரலாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"உன்னையும் காப்பாத்தட்டும்."

கதவு திறக்கவில்லை. தாழ் அசையவில்லை.

ஆனால்... எனக்குப் பின்னால் வைக்கோல் சரசரத்தது.

ஈரத்துணி வாடை.

அணைந்த அடுப்பில் ஒரு பொட்டுச் சிவப்பு.

வாளியில் மிச்சமிருந்ததைக் கவிழ்த்தேன். புஸ்ஸ்...

மறுபடி சிவப்பு.

காதருகே மூச்சு.

"கொஞ்சம் தள்ளி உக்காருடா, ஃபெஸ்டி."

தள்ளி உட்கார்ந்தேன்.

விடிந்ததும் கிரிம்ஷா கதவைத் தட்டினார். திறந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வைக்கோலில் ஆள் படுத்த தடம், ஈரமாக.

"மைல்ஸை உள்ளே விட்டியா?"

கியோதான் பதில் சொன்னான். "அவன் நேத்து இருட்டறதுக்கு முன்னாடியே செத்துட்டான் ஐயா. கண்ணை மூடிவிட்டதே நான்தான். அங்கேயேதான் கிடக்கான்."

போய்ப் பார்த்தோம். கியோ மேலே போர்த்தியிருந்த சாக்கை விலக்கினான். இரவெல்லாம் மழையில் கிடந்த பிணம். உள்ளங்கால்களில் மட்டும் அடுப்புச் சாம்பல்... தொட்டேன். சூடாக இருந்தது.

கிரிம்ஷா அந்தக் கால்களைப் பார்க்கவில்லை. புகைபோக்கியைப் பார்த்தார். "நெருப்பு எரியுது. எவனோ படுத்திருக்கான். உயிரா பிணமாங்கிற கணக்கு எனக்கு வேண்டாம். இடம் குடுத்திருக்கே."

நான் நடந்து வீடு சேர்வதற்குள் அவர் குதிரையில் போய்ப் பேசி முடித்திருந்தார். வின்னி என் கோட்டோடு வாசலில் நின்றாள்.

"உன்னை உள்ளே விட்டா எங்களையும் பள்ளத்துல போடுவாங்களாம். போயிடுய்யா."

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும், வின்னி..."

கோட்டை என் கையில் திணித்து, மார்பில் கை வைத்துத் தள்ளினாள். வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்.

"இங்கே இருக்கற எல்லாரையும் கடவுள் காப்பாத்தட்டும்."

பதில் சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். வின்னி அந்த வாயைப் பொத்தினாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள்.