கையால் எறிந்த ஒன்பது குழி

"ஏழாம் நிபந்தனை: அனுமதி பெற்ற திணைக்களம், மேற்படி காணியில், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முப்பத்தோராம் திகதிக்கு முன்னர் ஒரு தடவையேனும், ஒன்பது குழிகளும் அடங்கிய முழுமையான கோல்ப் ஆட்டமொன்றை ஆடுதல் வேண்டும். தவறின் காணி அரசுக்கு மீளும்."

இதை நான் பார்க்காமலே ஒப்புவிப்பேன். என் கலியாண நாளைக்கூட மனைவி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஏழாம் நிபந்தனைக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

போன கிழமை பிரதேச செயலகத்தில் உயிர்ச் சான்றிதழ் கொடுக்கப் போயிருந்தேன். ஓய்வூதியக்காரன் வருடத்துக்கு ஒருமுறை தான் இன்னும் சாகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நேரில் போய் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது சான்றாகாது, படிவம்தான் சான்று. படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு சதுரம் இருந்தது. பேனையை அதன்மேல் கொண்டுபோனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை சிரித்துக்கொண்டு, "ஐயா, அதில ஒண்டும் எழுத வேணாம். ஒரு கோடு கீறி விடுங்க" என்றாள்.

கோடு கீறினேன். அது நேராக வரவில்லை. வயது என்று அவள் நினைத்திருப்பாள்.

எழுபத்தோராம் ஆண்டு நான் மட்டக்களப்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். எந்தத் திணைக்களம் என்பதை விட்டுவிடுவோம். எங்கள் நலன்புரிச் சங்கத்தின் பொறுப்பில் வாவிக்கரையில் ஒரு நிலம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் மணலில் ஒன்பது குழி தோண்டி கோல்ப் ஆடிய இடம். அவர்கள் கப்பலேறிய பிறகு மிஞ்சியவை ஏழு மரமுந்திரிகை மரங்களும், குழிகளுக்குள் புதைத்திருந்த தகரப் பால்பேணிகளும், அந்த ஏழாம் நிபந்தனையும்தான். மற்ற நாட்களில் நாங்கள் அங்கே உதைபந்து ஆடுவோம். மாட்டுக்காரரும் வருவார்கள், மாடுகளும் வரும். வருடத்தில் ஒருநாள் மட்டும் மட்டைகளை எடுத்து, துரைமாரைப்போல இடுப்பை வளைத்து, ஒன்பது குழிகளையும் முடித்து, ஆண்டறிக்கை அனுப்பிவிடுவோம். காணி இன்னொரு வருடம் பிழைக்கும்.

நிலத்தைப் பார்த்துக்கொள்ளச் சாமித்தம்பி என்று ஒரு தற்காலிகத் தொழிலாளி இருந்தார். முப்பது வயதிருக்கும், கரிய, ஒல்லியான ஆள். மூலையிலே தகரக் கூரை போட்ட இரண்டறைக் குவாட்டஸில் மனைவி பாக்கியத்தோடு குடியிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். இவர் அந்த வழக்கத்தை மீறிப் பாக்கியத்தைப் பனிச்சங்கேணியிலிருந்து அரசாங்கத் தகரத்தின் கீழே கூட்டிவந்தவர். மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. "கவுண்மேந்து மாப்பிள்ள எப்ப திரும்பி வாறாராம்?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டு விடுவாராம். ஐந்து வருடம் இடைவிடாமல் வேலை செய்தவரை நிரந்தரமாக்கலாம் என்பது விதி. சாமித்தம்பிக்கு வருகிற சித்திரையோடு ஐந்து வருடம்.

"நிரந்தரம் எண்டு ஒரு கடிதம் வரட்டும் ஐயா" என்பார். "மறுகா மாமனார்ர வளவுக்க நான் நிமிந்து நடந்து போவன்."

காணி போனால் வேலை போகும். வேலை போனால் அந்தக் கடிதம் வராது. அந்த வருடத்து ஆட்டம் இதற்காகத்தான்.

ஆனால் அந்த வருடம் மட்டைகள் இல்லை. இல்லை என்பது சரியான சொல் அல்ல, இருந்தன, அலுமாரிக்குள். பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் பதினொன்று இருந்ததாகப் பொருட்கணக்கெடுப்பில் தெரியவந்தது. பன்னிரண்டாவதை முன்னாள் அத்தியட்சகர் மாற்றலாகிப் போகும்போது ஊன்றுகோலாகக் கொண்டுபோனார் என்பது ஊரறிந்த விடயம். கோப்புக்குத்தான் தெரியாது. ஆகவே விசாரணை முடியும்வரை அலுமாரிக்கு முத்திரை வைக்கும்படி தலைமையகம் எழுதியது. களஞ்சியப் பொறுப்பாளர் இஸ்மாயில், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையில் 'காக்கா', அரக்கை உருக்கி ஊற்ற, நான் முத்திரையை அழுத்தினேன். அரக்கு உருகும் மணம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஒரு காரியத்தை முறைப்படி கெடுத்துவிட்டோம் என்ற திருப்தி அதில் உண்டு.

பந்துகள் மட்டும் தப்பின. மட்டை நிலையான சொத்து, பந்து நுகர்பொருள். நுகர்பொருளுக்கு முத்திரை இல்லை. சாமித்தம்பியின் பிஸ்கட் டின்னுக்குள் நாலு பந்து கிடந்தது.

யோசனை இஸ்மாயில் காக்காவுடையது. ஏறாவூர்க்காரர், விடுமுறை நாட்களில் வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். "தம்பி, ஏழாம் நிபந்தனையில தடியால அடிக்கணும் எண்டு எங்க கிடக்கு? பந்து குழிக்க போனாச் சரிதானே. எறிவமே!"

பெரிய கிளாக்கர் ஞானப்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலுவலகத்தில் அதுதான் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம். யாரையும் 'ஐசே' என்றுதான் அழைப்பார். "ஐசே, எறியக்கூடாது எண்டும் இல்லத்தானே" என்றார்.

டிசம்பர் இருபத்தேழு, நத்தாருக்கு அடுத்த திங்கட்கிழமை. மாரி உச்சம். ஞானப்பிரகாசம் ஒரு கையில் குடையும் மறுகையில் நத்தார் கேக் பொட்டலமுமாக வந்தார். மூன்றாம் குழி தண்ணீருக்குள் கிடந்தது. சாமித்தம்பி விடியவே எழுந்து வாளியால் இறைத்து, சுற்றிவர மண் அணை கட்டி, பேணியின் வாயைக் காணும்படி செய்திருந்தார். பாக்கியம் வாசலில் நின்று பார்த்தாள். எங்கள் ஆட்டத்தை அவ்வளவு கவலையோடு பார்த்த வேறொருவரை நான் அறியேன்.

எறிவது இலேசு என்று நினைத்திருந்தேன். பந்து எலுமிச்சங்காய் அளவு, நனைந்தால் வழுக்கும், வாடைக்காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. என் முதல் எறி எனக்குப் பின்னால் விழுந்தது.

"அது எண்ணப்படுமா?" என்று கேட்டேன்.

"எண்ணப்படும்" என்றார் ஞானப்பிரகாசம். "திசை பற்றி விதி ஒண்டும் இல்ல."

அவர் இடுப்பளவில் கையை ஆட்டி, தபால்பெட்டிக்குள் கடிதம் போடுவதுபோல எறிவார். இருபது அடி போகும். "எனக்கு அவசரமில்ல ஐசே" என்பார். இஸ்மாயில் காக்கா வலை வீசுகிற சுழற்சியில் உடம்பைத் திருப்பி விடுவார். பந்து மரமுந்திரிகை மரங்களுக்கு மேலாகப் போகும். ஐந்தாம் குழியில் அந்தச் சுழற்சி கொஞ்சம் கூடி, பந்து வாவியில் போய் விழுந்தது. தோணியில் இருந்த மீன்காரர் ஒருவர் அதை எட்டி எடுத்துப் பார்த்தார்.

"இஞ்ச, ஆர்ர முட்டை இது? சேர்மாருக்கு இண்டைக்குக் கந்தோர் இல்லையோ?"

"கந்தோர் வேலைதான் செய்யிறம்!" என்று கத்தினார் காக்கா.

"அப்பிடிச் சொல்லுங்க. நான் விளையாட்டெண்டு நினச்சிட்டன்" என்று சொல்லிப் பந்தைக் கரைக்கு எறிந்தார். அது காக்கா எறிந்த எந்த எறியையும்விட நேராக வந்து குழிக்கு ஆறடியில் விழுந்தது. ஞானப்பிரகாசம் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியாள் எறிந்தது செல்லாது, பந்து தண்ணீருக்குள் இருந்த இடத்திலிருந்தே மீண்டும் எறியப்படவேண்டும். காக்கா முழங்காற் சட்டையோடு கழுத்தளவு தண்ணீருக்குள் இறங்கி எறிந்தார். நாங்கள் நேர்மையாகவே ஆடினோம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் குழியில் என் பந்து கடைசியாகப் பேணிக்குள் விழுந்து 'டொக்' என்றபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காக்காவுக்கு எழுபத்தொரு எறி, ஞானப்பிரகாசத்துக்கு நூற்றுப் பதினெட்டு, எனக்கு நூற்று முப்பத்தினாலு. சாமித்தம்பி மூன்றையும் ஈரக் கடதாசியில் குறித்துக்கொண்டு வந்து நீட்டினார். பாக்கியம் தேத்தண்ணி தந்தாள். கேக்கை எல்லோரும் பிய்த்துத் தின்றோம்.

ஆண்டறிக்கைப் படிவத்தை நிரப்புவது என் வேலை. திகதி, ஆடியோர், குழிகள் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம்: 'பயன்படுத்திய உபகரணங்கள்.'

"மட்டை எண்டு போடுங்க தம்பி" என்றார் காக்கா.

"முத்திரை வைத்த அலுமாரிக்குள்ள இருக்கிற மட்டையையா? அந்த முத்திரை அறிக்கையில உங்கட கையொப்பமும் என்ர கையொப்பமும் கிடக்கு."

"அப்ப கோடு கீறி விடும் ஐசே" என்றார் ஞானப்பிரகாசம்.

எந்தக் கட்டத்தையும் கோடு கீறி விடலாகாது என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அது இருந்ததை அந்த மாவட்டத்தில் அறிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். 'கையால் எறிந்து ஆடப்பட்டது' என்று அழகாக எழுதினேன். அதோடு நின்றிருந்தாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 'குறிப்பு' என்ற சதுரத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'மேற்படி ஆட்டம் ஏழாம் நிபந்தனையை நிறைவு செய்கின்றதா என்பதை அறியத் தரவும்.'

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு கேள்வியைச் சரியான மேசைக்கு அனுப்பினால் சரியான பதில் வரும் என்று நம்பிய வயது.

தை மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து இரண்டு வரி வந்தது. விடயம் பரிசீலனையில் உள்ளது; தீர்மானம் வரும்வரை அனுமதி இடைநிறுத்தப்படுகிறது. அனுமதி இல்லாத காணிக்குத் தொழிலாளி தேவையில்லை. சாமித்தம்பியின் சேவை நாலு வருடம் ஒன்பது மாதத்தில் அறுந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஐயா, நாமதான் ஆடினமே. நான் எண்ணினேனே. மூண்டு பேரும் குழிக்கப் போட்டீங்கதானே?"

"போட்டம் சாமித்தம்பி."

"அப்ப ஏன் ஐயா கேட்டீங்க?"

நான் சுற்றறிக்கையின் இலக்கத்தைச் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். எனக்கு ஏதோ நோய் என்பதுபோலப் பார்த்தார்.

குவாட்டஸை விடச் சொல்லி அறிவித்தல் வந்த நாள் நானும் போயிருந்தேன். மாட்டு வண்டியில் ஒரு பெட்டியும் இரண்டு பாயும் சட்டிபானையும். பாக்கியம் எனக்கு முதுகு காட்டிச் சட்டிபானையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். சாமித்தம்பி மட்டும், "பனிச்சங்கேணிக்குத்தான் ஐயா" என்றார். "பதில் வந்தா அந்த விலாசத்துக்குப் போடுங்க. மாமனார்ர பேருக்குப் போடாதீங்க. என்ர பேருக்குப் போடுங்க."

அதன் பிறகு நான் நினைவூட்டல் எழுதினேன். முதலாம் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில் மூன்றாம் நினைவூட்டல். கோப்பு சட்டப் பிரிவில் என்றார்கள். பிறகு விளையாட்டுப் பிரிவில். பிறகு காணவில்லை என்றார்கள். இஸ்மாயில் காக்கா ஓய்வு பெற்றார், ஞானப்பிரகாசம் மகளோடு இருக்க நீர்கொழும்புக்குப் போனார். நான் பதினொன்றாம் நினைவூட்டல் வரை எழுதினேன். பனிச்சங்கேணிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள், சாமித்தம்பி மாமனாரின் தோணியில்தான் போகிறார் என்று. தோணியில் பின்பக்கம், கூலியாள் இருக்கும் இடத்தில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இன்று அந்த நிலத்தில் மதில்கள். மரமுந்திரிகை மரங்களைச் சூறாவளி கொண்டுபோனது. மண்ணுக்குள் பால்பேணிகள் இருந்ததை மதில் கட்டியவர்கள்கூட அறிந்திருக்க மாட்டார்கள். அரக்கும் போய்விட்டது, இப்போது எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பட்டி. கையால் எறிந்து ஒரு முழு ஆட்டத்தை முடித்தவர்களில் நான் மட்டும்தான் உயிர்ச் சான்றிதழோடு மிஞ்சியிருக்கிறேன்.

பதில் வராமல் போகவில்லை. மூன்று பந்தி. முதலாவது: கையால் எறிந்து ஆடப்பட்ட ஆட்டம் ஏழாம் நிபந்தனையை நிறைவு செய்வதாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது: தொழிலாளி சாமித்தம்பி ஆரம்பத் திகதியிலிருந்தே சேவையில் நிரந்தரமாக்கப்படலாம். மூன்றாவது: அவர் இக்கடிதத் திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் நேரில் சமுகமளித்தல் வேண்டும், தவறின் இச்சலுகை செல்லாது.

கடிதம் எழுதப்பட்டது 1978 நவம்பர் இருபதாம் திகதி. மூன்று நாளில் சூறாவளி அடித்தது. தபால் இல்லை, வீதி இல்லை, பனிச்சங்கேணிக்கு யாரும் போகவில்லை, அங்கிருந்து யாரும் வரவில்லை. கூரை பறந்துபோன எங்கள் கந்தோரில், நனைந்த மேசையில், கடித உறையைப் பிரிக்கமுன் உள்வரவுத் திகதி முத்திரையைக் குத்தினேன். அப்படித்தான் செய்யவேண்டும்.

1978.12.11.