மாடன் ராட்டினத்தில் நாலு குழவி

ராட்டினம் ஏறாதவர்கள்தான் அதைச் சும்மா சுற்றுகிற மரம் என்பார்கள். அந்தப் பேச்சை ரெங்கம்மாளிடம் பேசிவிட்டு யாரும் லேசில் தப்ப முடியாது.

திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்தவள் அவள். கோயில் கொடைத் திருவிழாவில்தான் முதன்முதலாகத் தொட்டில் ராட்டினத்தைப் பார்த்தாள். மேலே போகும்போது ஒன்றும் தெரியவில்லை. உச்சியில் தொட்டில் கொஞ்சம் நின்றது. பருத்திக் காடும் ஊருணியும் அவள் வீட்டுக் கூரையும் காலுக்குக் கீழே கிடந்தன. “இம்புட்டுத்தானா நம்ம ஊரு!” என்று வாயைப் பிளந்தாள். பிளந்த வாயை மூடுவதற்குள் தொட்டில் இறங்கிவிட்டது. உடம்பு கீழே வந்தது, அடிவயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டது. அய்யோ அம்மா என்று அலறினாள். அலறல் பாதியில் சிரிப்பாக மாறி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே நின்று கையால் ராட்டினம் தள்ளிக்கொண்டிருந்த மாடன் அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு சுற்று விட்டான். அந்தத் தை மாதமே கல்யாணம். ராட்டினக்காரனுக்கா பெண் கொடுக்கிறீர்கள் என்று மூக்கைச் சிந்திய சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார்கள்.

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் மாடன் ராட்டினத்தைப் பிரித்து மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு குற்றாலம் வந்துவிடுவான். ஐந்தருவிப் பாதையில் கடை கண்ணிகளுக்கு நடுவே அது நிற்கும். நாலு மரத்தொட்டில், எஞ்சின் கிஞ்சின் ஒன்றும் கிடையாது, அவன் கைதான். அங்கே உச்சிக்குப் போனால் வயிறு கூசுவதோடு முகமும் நனையும். மலையைத் தடவிக்கொண்டு வருகிற காற்று சாரலை அள்ளி மூஞ்சியில் அடிக்கும். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட அதற்காகவே ஏறினார்கள். சீசன் முடியும்வரை இருவருக்கும் குத்துக்கல்வலசையில் மாடனின் அக்கா வடிவம்மாள் வீட்டில்தான் ஜாகை.

ஐம்பத்தேழாம் வருஷச் சீசனில் ரெங்கம்மாள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது பிறந்து, தாய்முகம் பார்த்துவிட்டுப் போயிற்று. இது மூன்றாவது. அவள் நடக்கும்போதுகூட வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே நடந்தாள்.

வடிவம்மாளுக்கு மனசில் ஒன்று நிற்காது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே போட்டு உடைத்துவிட்டாள்.

“ஏலே மாடா, தெனமும் காலையில வெறுந்தொட்டிலச் சுத்துதியே, ஒனக்கு அறிவு இருக்கா? வெறுந்தொட்டில ஆட்டுனா வீட்டுல பிள்ள தங்குமாலே?”

மாடன் கை சோற்றோடு அப்படியே நின்றது. உள்ளதுதான். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் தினமும் ராட்டினத்தை ஒருதரம் வெறுமனே சுற்றிப் பார்ப்பான். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் தடவை வெறுந்தொட்டிலை ஆட்டியிருப்பான்! பாதிச் சோற்றில் எழுந்து போனவன் பொழுது சாய்ந்துதான் திரும்பினான்.

“விறகுக்கடை யாக்கூப்பு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். வெள்ளிக்கெழம வந்து ராட்டினத்த அறுத்து எடுத்துக்கிடுவாரு.”

“அறுக்கவா?” ரெங்கம்மாள் அவன் முன்னால் வந்து நின்றாள். “ஏங்க, காலையில சும்மா சுத்தாமலே ஆள ஏத்துனா என்ன?”

“தொட்டிலத் தாங்குத கொண்டி விட்டுப்போயிருந்தா? எவ பிள்ளையோ விழும். நம்ம பிள்ளைக்காக ஊரான் பிள்ளையக் கொல்லச் சொல்லுதியா?”

மதினி சொன்னது பொய் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எதுதான் பொய்? ஆனால் ராட்டினம் விறகாவதையும் அவளால் பொறுக்க முடியவில்லை. வயிற்றில் இருக்கிறது வெளியே வந்ததும், மடியில் வைத்துக்கொண்டு அந்த உச்சியில் ஒருதரம் உட்கார வேண்டும் என்று அவள் ஆசையை முடிந்து வைத்திருந்தாள். பிள்ளையும் வேண்டும், ராட்டினமும் வேண்டும். பேராசை என்றால் பேராசை என்றே இருக்கட்டும்.

வியாழக்கிழமை அடுத்த வீட்டு வள்ளித்தாய் பேத்தியைத் தொட்டிலில் போட்டார்கள். பிள்ளையைப் போடுவதற்கு முன்னால், வழக்கப்படி அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, துணி சுற்றித் தொட்டிலில் கிடத்தி, பெண்கள் பாட்டுப் பாடி ஆட்டினார்கள்.

“கல்லுக்குப் போயி இந்தச் சீராட்டா!” என்று எவளோ கேலி பேசினாள்.

“பிள்ளைக்கும் குழவின்னுதான் பேரு, இதுக்கும் குழவின்னுதான் பேரு. தொட்டிலுக்கு என்னட்டி தெரியும்?” என்றாள் வள்ளித்தாய்.

ரெங்கம்மாள் வாயில் போட்ட சர்க்கரையை விழுங்கக்கூட இல்லை, எழுந்துவிட்டாள்.

“ஆச்சி, இந்தக் குழவிய நாளைக்கு எனக்குக் கொஞ்சம் குடுங்க.”

“எதுக்குட்டி, சட்னி அரைக்கவா?”

“இல்ல ஆச்சி, ராட்டினம் ஏத்த!”

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தாலும் கொடுத்தார்கள். அந்தத் தெருவிலேயே நாலு குழவி தேறிவிட்டது. வடிவம்மாள் மட்டும் தன் குழவியை எடுத்து அரங்கு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“கல்லக் காட்டிச் சாமிய ஏமாத்துதியாட்டி?”

“ஏமாத்தல மதினி. இனி அது வெறுந்தொட்டில் இல்ல, அம்புட்டுத்தான்.”

வெள்ளிக்கிழமை ரம்பத்தோடு வந்த யாக்கூப், ரெங்கம்மாள் சொன்னபடி மாடன் தள்ள, மஞ்சள் பூசித் துணி சுற்றிய நாலு குழவி தொட்டிலுக்கு ஒன்றாக மேலே போவதையும் கீழே வருவதையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். மாடன் முகத்தைப் பார்த்தார், அதில் ராட்டினத்தை அறுக்கிற எண்ணமே இல்லை. பிறகு ரம்பத்தை வண்டியில் போட்டார்.

“கல்லே சொகமா ஏறி எறங்குது. நானும் ஒரு சுத்து போய்க்கிடுதேன்” என்று தொட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு தினமும் காலையில் நாலு குழவியைச் சுற்றிவிட்டுத்தான் ராட்டினத்தில் ஆள் ஏறியது. அந்த வேடிக்கையைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

ஆனாலும் ரெங்கம்மாளுக்குப் பயம் போய்விடுமா? இராத்திரியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டு கிடந்தாள். கல்லை நம்பி மோசம் போய்விடுவோமோ என்று எத்தனையோ தரம் வாய்விட்டே அழுதாள். சீசன் முடிந்தும் பிரசவத்துக்காக மதினி வீட்டிலேயே தங்கியிருந்தவளுக்கு ஐப்பசி அடைமழையில் வலி எடுத்தது. குடை எடுக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டே மருத்துவச்சியைக் கூட்டிவந்தவள் வடிவம்மாள்தான். பிள்ளை தெருவே கேட்க வீல் என்று கத்தியது. பெண். குழல்வாய்மொழி என்று பெயர் வைத்தார்கள். மார்கழி போயிற்று, மாசி போயிற்று, பிள்ளை தங்கிவிட்டது.

மறு ஆனியில் ஐந்தருவிப் பாதையில் ராட்டினம் எழும்பியது. சீசனின் முதல் காலை. மாடன் குழவிகளைத் தூக்கி ஒவ்வொரு தொட்டிலாக வைத்துக்கொண்டு வந்தான். மூன்று வைத்தாயிற்று. நாலாவதைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், தொட்டிலில் வடிவம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். ஆயுசில் ராட்டினம் ஏறாதவள். மடியில் பிள்ளை.

“ஏக்கா, எறங்கு. இன்னும் சுத்திப் பாக்கல.”

“விடியமுன்ன நீ ஒவ்வொரு கொண்டியாத் தொங்கிப் பாத்தத நானும் பாத்தேன்லே. அந்தக் கல்லக் கீழ போடு. நம்ம வீட்டுக் குழவி இங்கன இருக்கையில அது எதுக்கு?” என்றவள், மாடன் குழவியைக் கீழே வைப்பதைப் பார்த்து, “ஏட்டி ரெங்கம்மா, நீயும் ஏறு. எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

ரெங்கம்மாள் ஏறினாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மாடன் தன் தோளிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல, மிக மெல்லத் தள்ளினான். உச்சியில் சாரல் வந்து மூன்று முகத்திலும் அடித்தது. பிள்ளை ஒருதரம் மூச்சை இழுத்தது. தொட்டில் இறங்கியதும் கெக்கே என்று சிரித்தது. அம்மாவின் அதே சிரிப்பு.

“ஏலே மாடா, நிறுத்துலே! கொடலு வாய்க்கு வருது!” என்று கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினாள் வடிவம்மாள்.

தொட்டில் தரைக்கு வந்து நின்றது. கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தாள். அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

“என்னலே பாத்துக்கிட்டு நிக்க? இன்னொரு சுத்து விடு.”