பெட்டிச் சோறு மயூரதன்

மூடிய பெட்டியை நிமிர்த்திக் காதருகே வைத்து இரண்டு தரம் ஆட்டுகிறார் மயூரதன். உள்ளே ஏதாவது புரண்டால் மூடியைத் திறப்பார். இடைவெளியைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு பயற்றங்காய்த் துண்டைச் செருகுவார். “இப்ப எல்லாரும் நித்திரை” என்று மெதுவாக மூடுவார்.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் அவருடைய கடை. சமையல் மனைவி தர்சினி, அடுக்குவது இவர். தொடக்கத்தில் பலகையில், பெட்டிச் சோற்றுக்கு ஜப்பான்காரர் சொல்லும் ‘பெந்தோ’ என்ற பெயரை எழுதியிருந்தார். அது ஏதோ ஜப்பான் கம்பனி என்று நினைத்து மோட்டார் சைக்கிள் சாமான் கேட்டு மூன்று பேர் வந்த பிறகு ‘ஜப்பான் பெட்டிச் சோறு’ என்று மாற்றினார்.

சோற்றை மின்விசிறிக்கு முன்னால் பரப்பி ஆறவைத்த பிறகுதான் பெட்டிக்குள் விடுவார். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பழுதாகிவிடுமாம். “ஆறின சோத்தை விக்கிற ஒரே ஆள் இவர்தான்” என்பது தர்சினியின் பகிடி. கறிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஜப்பானில் நடுவே பச்சை பிளாஸ்டிக் புல் வைப்பார்களாம். இவர் வாழையிலையைக் கத்தரிக்கோலால் வாள்பல் போல வெட்டி நட்டு வைப்பார். தேங்காய்ப்பால் சொதி கிடையாது. வங்கியிலிருந்து தினமும் வந்து வாங்கும் நான் மூன்று வருடமாகக் கேட்கிறேன். “பெட்டிக்குள்ளை வெள்ளம் வரக்கூடாது அண்ணை” என்பார்.

நாகோயாவுக்கு வெளியே ஒரு பெட்டிச் சோற்றுத் தொழிற்சாலையில் நாலு வருடம் இருந்தவர். ஊரில் எல்லாரும் இவரைச் சமையல்காரர் என்றே நினைத்திருந்தார்கள். நான் கேட்டபோது மறைக்கவில்லை.

“நான் அங்கை சமைக்கேல்லை. நடுவிலை வைச்சனான்.”

“என்னத்தை?”

ஓடும் பட்டியில் வெள்ளைச் சோற்றுப் பெட்டிகள் வருமாம். ஒவ்வொன்றின் நட்ட நடுவிலும் சிவப்பாக, புளிப்பாக ஒரு ஊறுகாய்க் காயை வைக்க வேண்டும். பார்த்தால் அந்த நாட்டுக் கொடி மாதிரியே இருக்குமாம். நாலு வருடமும் அதே வேலை. இங்கே அந்தக் காய் இல்லாததால் நெல்லிக்காயைப் பீற்றூட் சாற்றில் ஊறவைத்து வைக்கிறார். விரலால் அல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குச்சியால்.

இந்த உண்மை மாமனார் ஏரம்புவின் காதுக்கும் போனது. வெங்காயத் தோட்டக்காரர். மருமகன் திரும்பி வந்து தம் எட்டுப் பரப்புக் காணியைப் பார்ப்பான் என்று காத்திருந்தவர். “உவன் சோத்துக்கு நடுவிலை ஊறுகாய் வைக்கப் போனவனாம்” என்று கோயில் வீதியில் சொல்லிவிட்டு, அன்றோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு வருடம்.

போன ஆவணியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தது. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடும் வேண்டாம், மகள் கொண்டுபோன இடியப்பமும் வேண்டாம். ஆள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே போனார். இப்படியே கிடந்தால் புண் ஆறாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

மயூரதன் சைவமாக ஒரு பெட்டி அடுக்கினார். லேஞ்சித் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தாமே கொண்டுபோனார். ஏரம்பு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டினார்.

அங்கே காலில் கட்டோடு கிடந்தவர் சோனகதெருத் தையல்காரர் ஜமால்தீன். மூடியைத் திறந்தவர் சோற்றைப் பார்க்கவில்லை, வாழையிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏரம்பண்ணை, உங்கடை மருமோன் தையல் பழகினவரோ? இது கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்ச கை.”

ஜமால்தீன் சாப்பிடத் தொடங்கினார். வாய் மட்டும் ஓயவில்லை. “இஞ்சை ஓரத்திலை கத்தரிக்காய்ப் பொரியல். அதுக்குப் பக்கத்திலை முருங்கையிலை வறை. ஒண்டிலை ஒண்டு முட்டேல்லை பாருங்கோ.” அடுத்த நாளும் அதே வர்ணனை. அதற்கடுத்த நாள் ஏரம்புவுக்குப் பொறுக்கவில்லை.

“ஓய், நீர் சாப்பிடுறீரோ, ஏலம் கூறுறீரோ?”

“ரெண்டும்தான்.”

பிறகு முகட்டைப் பார்த்தபடி ஏரம்பு கேட்டார்: “கத்தரிக்காய் முறுகலாய்க் கிடக்கோ?”

ஜமால்தீன் இதை அன்று மாலையே, வெறும் பெட்டியை எடுக்க வந்த மயூரதனிடம் சொல்லிவிட்டார். மறுநாள் இரண்டு பெட்டிகள் கட்டப்பட்டன. மயூரதனின் மோட்டார் சைக்கிள் காற்றுப் போய் நின்றதால் என்னுடையதில் ஏற்றிப் போனேன். வழியெல்லாம் பெட்டிகளை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் “அண்ணை, மெல்ல” என்றார். அவர் பயந்தது பெட்டிகளுக்காக மட்டும் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

ஏரம்பு எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியை வாங்கினார். திறந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மருமகனிடம் நேரே கேட்டார்:

“சொதி எங்கை?”

மயூரதன் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மஞ்சள் சொதி, கறிவேப்பிலை மிதந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஏரம்பு போத்தலைப் பெட்டிக்குள் அப்படியே கவிழ்த்தார். வாழையிலையைப் பிடுங்கி எறிந்தார். கத்தரிக்காய், வறை, நெல்லிக்காய் எல்லாவற்றையும் ஐந்து விரலாலும் சேர்த்துப் பிசைந்தார். நாலு வருடத் தொழிற்சாலைப் பழக்கம் அரை நிமிடத்தில் குழையலானது. மயூரதன் குனிந்து, எறிந்த வாழையிலையைப் பொறுக்கினார். நான் அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன்.

“உப்பு அளவாய்க் கிடக்கு” என்றார் ஏரம்பு.

பிறகு ஒரு கவளத்தைத் திரட்டி, உள்ளங்கையில் உருட்டி, விரலால் அழுத்திச் சரிபார்த்து, கட்டிலுக்கு வெளியே நீட்டினார். மயூரதன் இரண்டு கையையும் காற்சட்டையில் துடைத்துவிட்டு, ஏந்தினார்.