கமெராவுக்குக் கீழே ஒரு நெல்லுப்பை

செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி சாந்தி, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, நெல் தின்ற குருவியை விரட்டாமல் விட்டாள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சாந்தி உன்னிச்சை ஊர்க்காரி. குளத்துத் தண்ணீர் பாயும் வயல்வட்டையில், கதிர் முற்றும் காலமெல்லாம் தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டி வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த வாவிக்கரைக்கு வந்து எத்தனையோ வருடம். இன்றைக்கும் நெல் காயும் பாயில் ஒரு குருவி இறங்கினால் போதும் — அடுப்பில் கறி கருகினாலும் பரவாயில்லை, ஓடுவாள்.

அப்படிப்பட்டவள் ஏன் சும்மா நின்றாள்? அதற்கு முதல் என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் பறவைப் படம் எடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் புராணத்தை இந்தப் பேஸ்புக் பக்கத்தில் பாடிப் பாடி உங்கள் கழுத்தை அறுத்திருக்கிறேன். காட்டுக்கெல்லாம் போவதில்லை. வீட்டு வளவுதான்... முருங்கையில் புலுனி, செவ்வரத்தைப் பூவில் தேன்சிட்டு, கிணற்றடியில் மீன்கொத்தி.

உங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வருடம் என் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. பிளேன்ரீ கோப்பையைத் தூக்கினால் தட்டில் கலகலவென்று சத்தம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்படும்படியான வருத்தம் இல்லை, வயதோடு வருவது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கென்ன, அவர் படம் எடுப்பவரா? என் படங்களில் தேன்சிட்டுக்கு இரண்டு தலை, மூன்று வால்.

முயற்சி பண்ணாமல் இல்லை. மூன்றுகால் ஸ்டாண்ட் வாங்கினேன். எங்கள் வளவோ மணல். ஒரு கால் மெல்ல மெல்லப் புதையும். கமெரா தலையைச் சாய்த்து நித்திரை கொள்ளும். காத்தான்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஹனீபா, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பிறகு பட்டனை அமத்தச் சொன்னார். அப்படியே செய்தேன். மூச்சு நின்றது, கை நிற்கவில்லை.

ஒரு நாள் மனம் விட்டுப்போயிற்று. இனி இது எனக்கு எதற்கு? மண்டூரில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போன் பண்ணி, சனிக்கிழமை வந்து கமெராவைக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டேன். அவன் அதில் கண் வைத்து எவ்வளவு காலம்! வெள்ளிக்கிழமையே வரலாமா என்று கேட்டான். போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்... அழவில்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

சாந்தி அலுமாரியைத் திறந்தாள். நான் உடுத்திக் கிழிந்த பழைய சாரன் ஒன்றை எடுத்துக்கொண்டு தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கமெரா ஆடாமல் இருக்க, பயறு நிரப்பிய பையை அடியில் வைப்பதை யூடியூப்பில் இரண்டு பேரும் பார்த்திருந்தோம். பை தைத்தாகிவிட்டது. எதை நிரப்புவது? பயறும் அரிசியும் சமைக்கிற சாமான், அதைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் வைப்பதா என்றாள். அவளுடைய அண்ணன் கொண்டுவந்து போட்ட நெல் மூடை, மில்லுக்குப் போகாமல் கிடந்தது. அதிலிருந்து அள்ளி நிரப்பினாள். நான் பையைப் பிடித்துக் கொடுத்தேன்.

இரண்டு பேரும் நெல் விளையும் மண்ணில் பிறந்தவர்கள். குருவி வருகிற இடத்தில் நெல்லைக் கட்டி வைக்கிறோமே என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா?

செவ்வாய் காலை கிணற்றுக்கட்டில் பையை வைத்து, அதன்மேல் கமெராவை வைத்து, முதுகைக் கூனி உட்கார்ந்தேன். செவ்வரத்தையில் தேன்சிட்டு. நம்பமாட்டீர்கள் — பூ பூவாகவே இருந்தது, ஆடவில்லை. அமத்தினேன். குருவிக்கு ஒற்றைத் தலை! இன்னொன்று எடுக்கப் போனால், கமெரா தானாகவே அசைகிறது. குனிந்து பார்த்தேன். நெல்லுக்குருவி. மார்பில் மீன் செதில் மாதிரிக் கோடுகள் போட்ட சின்ன ஆள். சாரன் துணியின் பழைய கிழிசல் வழியாக நெல்லை இழுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் சொந்தபந்தமெல்லாம் இறங்கிவிட்டது. ஒன்று என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, உமியை உரித்து உரித்துத் துப்பியது.

மாதக்கணக்காக இவற்றுக்குப் பின்னால் அலைந்தவன் நான். இப்போது மடியில் வந்து உட்காராத குறை. என் லென்ஸோ தூரத்துப் பார்வைக்காரன். இவ்வளவு கிட்டத்தில் இருப்பதைப் பிடிக்காது. அசைந்தால் பறந்துவிடும். வேறென்ன செய்வது... அப்படியே இருந்தேன்.

அப்போதுதான், அடுப்பை விட்டுக் குசினிக் கதவடிக்கு வந்து நின்ற சாந்தியைக் கண்டேன். விரட்டுவதற்குக் கை மேலே எழும்பியிருந்தது. வாயும் 'சூ' சொல்லத் தயார். ஆனால் சத்தம் வரவில்லை. கையை மெதுவாக இறக்கி, போனை எடுத்தாள்.

குருவிகள் போன பிறகு படத்தைக் காட்டினாள். கமெராவைப் பிடித்தபடி என் கை. பக்கத்தில் குருவி, அலகில் ஒரு நெல்மணி. ஒரு இறகுகூட மங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் குருவியைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தேன்.

"கை நடுங்கல்ல" என்றேன்.

"படத்தில ஆருக்குத்தான் நடுங்கும்" என்றாள்.

சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் நான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணன் தந்த நெல்லை இப்படித் தின்னவிட்டாயே, ஏன் விரட்டவில்லை என்று கேட்டேன். பையின் கிழிசலை விரலால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"விரட்டியிருந்தா நீங்க திடுக்கிட்டிருப்பீங்க. எவ்வளவு நாளைக்குப் பிறகு ஆறுதலா இருந்தீங்க. பாத்துக்கிட்டே இரிக்கணும் போல இருந்திச்சு."

ஸ்டாண்ட் வாங்குகிறோம், மூச்சைப் பிடிக்கிறோம், என்னென்னவோ செய்கிறோம். நம்மைக் குலைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வீட்டில் ஒரு ஆள் இருந்தால், கை நடுங்கினால்தான் என்ன, நடுங்கட்டுமே! தேன்சிட்டுக்கு ஒரு தலை கூடினால் குடியா முழுகிவிடும்?

மருமகனே, இதை நீ வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை கட்டாயம் வா, மாமி இறால் கறி வைக்கிறாளாம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு போ.