சும்மா கிடக்கிற மாடி அறை

லேசரா, ரௌட்டரா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் கையில் மொபைல், வீடியோ மேல் வீடியோ. ஒளியால் பொசுக்கி வெட்டுகிற லேசரில் அக்ரிலிக் பெயர்ப்பலகை விளிம்பு வழவழவென்று வரும், ஆனால் கனமான மரம் ஆகாது. சுழலும் பிட்டை இறக்கிக் குடைகிற சி.என்.சி. ரௌட்டரில் தேக்குக் கதவில் பூவேலையே செய்யலாம், ஆனால் சத்தம் தெருவுக்கே கேட்கும். வீட்டில் ஒரு பட்டறை போட்டுவிட்டால் மில்லுக்கு ஒரு கும்பிடு. ராஜபாளையத்தில் எங்கள் தெரு டீக்கடையில் இதைப் பற்றி என்னிடம் வாயைக் கொடுத்தவர் யாரும் டீயைச் சூடாகக் குடித்ததில்லை.

இரண்டு மிஷினும் விற்கிற கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன். பெருமை காட்டத்தான், வேறென்ன?

"எடம் எம்புட்டு இருக்கு அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"மாடியில தனி ரூமே இருக்கு. சும்மாதான் கெடக்கு," என்றேன்.

சும்மாவாம்! அந்த அறையில்தான் அவள் ஆறு வருடமாக பேண்டேஜ் துணி மடித்துக் கம்பெனிக்குக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வெள்ளைத் துணி. ஒரு பொட்டு அழுக்கோ லேசான வாடையோ இருந்தால் கட்டோடு திருப்பிவிடுவார்கள். வெயிலில் சுடுகிற மொட்டைமாடியைச் செருப்போடு கடந்தாலும், அறை வாசலில் கழற்றிவிட வேண்டும். நானும்தான் தினமும் கழற்றுகிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பெண்கள் செய்வதால், அது ஒரு வேலை என்பதே என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

கடைக்காரர் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். ரௌட்டர் கிளப்பிய மரத்தூள் அவள் புடவை மடிப்பில் படிந்தது. லேசர் பலகையைப் பொசுக்கிய வாடை மூக்கில் ஏறியது. நான் மோட்டார், பவர் என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பொகை வாடை துணியில புடிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"புடிக்கும்க்கா. குழாய் வச்சு வெளிய தள்ளுனாலும் ரூமுக்குள்ள கொஞ்சம் நிக்கத்தான் செய்யும்."

"தூளு?"

"அது எங்கன பாத்தாலும் கெடக்கும்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஏட்டி, மிஷின் வாங்க வந்தோமா, துணி வெளுக்க வந்தோமா?" என்று கடையில் வைத்தே எரிந்து விழுந்தேன்.

கடைக்காரருக்குச் சங்கடம். "அக்கா எங்கயும் வேலை பாக்காகளா?" என்று பேச்சை மாற்றினார்.

"இல்லண்ணே. சும்மாதான் இருக்கேன்," என்றாள்.

குரலில் குத்தல் இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வெளியே வந்தேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எங்கே, வார்த்தை வந்தால்தானே? வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு டீக்கடைக்கு ஓடிவிட்டேன்.

"ஏலே, கடைசியில எதை வாங்கப் போற?" என்று அங்கே ஒருவர் ஆரம்பித்தார். டீயைக் குடித்துவிட்டு, எப்படியும் பேசிவிடுவது என்று திரும்பினேன்.

மாடிக்கு ஏறி, வழக்கம்போல அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே துணிக்கட்டு ஒன்றுகூட இல்லை. அவள் வெறுந்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"துணியெல்லாம் எங்க?"

"கீழ கட்டிலுக்கடியில வச்சிருக்கேன். அதை மட்டும் மடிச்சுக் குடுத்துட்டு, இனிமே வேண்டாம்னு கம்பெனியில சொல்லிருதேன்."

பிறகு என் காலைப் பார்த்தாள். "செருப்ப எதுக்குக் கழத்துறீக? போட்டுக்கிட்டே வாங்க."

வெட்கம் பிடுங்கித் தின்ன, வெறுங்காலோடு வாசலிலேயே நின்றேன்.