வலையில் நான் அடைத்த ஜன்னல்

எண்பதுகளின் நடுவில், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறு வாரம், கொட்டச்சேடு பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இது நடந்தது. நடந்தது மலை மேல்தான், ஆனால் விஷயம் கடலுடையது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். நான் எட்டாவது வரை போனவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு சாக்கு குடோனில் வேலை. காப்பிக்கொட்டை மூட்டைகளின் வாயைத் தைப்பேன், கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போடுவேன். மே மாதத்தில் மூட்டை இருக்காது. பழைய சாக்குகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் அடைத்து அடுக்க வேண்டும். எங்கள் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் தைத்த சாக்கிலிருந்து லாரியில் ஏற்றும்போது கொட்டை சிந்தினால், அவனே முற்றத்தில் குந்தி ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, "கோழி மேயுது டோய்!" என்று கூவுவார்கள். நானும் ஒருமுறை அப்படி மேய்ந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

எங்கள் முதலாளிக்கு மேலே எஸ்டேட், கீழே கடற்கரை ஊரில் சொந்தமாக விசைப்படகுகள். வெயில் காலத்தில் மலைக்கு வந்துவிடுவார். அந்த சனிக்கிழமை அவரைத் தேடி ஒரு பெண் பஸ் ஏறி வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை, தோளில் ஒரு சாக்கு மூட்டை. கடலின் அடித்தரையில் வாழும் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவராம். ஊரில் படகுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், தான் செய்த ஒரு புது மாதிரி வலையைக் கடலில் இழுத்துப் பார்க்கப் படகு கேட்டிருக்கிறார். யாரும் தரவில்லை. எங்கள் முதலாளி, "நான் மலைக்குப் போறேன், அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக் கழித்திருக்கிறார். அந்தப் பெண் வலையைத் தூக்கிக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார்!

பங்களா சமையல்காரர்தான் மிச்சத்தைச் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டு, "சரி, நாளைக்கு நம்ம குளத்துல இழுத்துக் காட்டு. ஒரே ஒரு தடவை. சரியா வந்தா ஒரு படகு தர்றேன். வரலேன்னா இனிமே என் வாசப்படி ஏறக்கூடாது" என்றாராம். அந்தப் பெண்ணும் சரி என்று சொல்லிவிட்டு, ராத்தங்க டவுனுக்குப் போய்விட்டார். மூட்டையை, கணக்கெழுதி ஆட்களை மேய்க்கும் எஸ்டேட் ரைட்டர் வாங்கி, எங்கள் குடோனில் ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போனார்.

கோடை மழையில் மூட்டை நனைந்திருந்தது. ஈரச் சாக்கை மடித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். அதனால் சாயங்காலம் அந்த வலையை எடுத்து விரித்தேன். பழைய கடல் வலையை வெட்டிச் செய்தது போல, ஒரே உப்பு வாடை. புனல் மாதிரி நீளமாக இருந்தது. வாலில் மீன் வந்து சேரும் பை. அதை மடி என்பார்களாம். மடியின் மேல் பக்கம் ஒரு முழச் சதுரத்துக்கு வேறு நூலில் ஒட்டுப் போட்டிருந்தது. அதில் வலைக்கண் என்கிற ஓட்டைகள் பெரிது பெரிதாக, கட்டம் கட்டமாக இருந்தன. என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. 'ஐயோ பாவம், படிச்ச புள்ள, தைக்கத் தெரியாம அவசரத்துல ஒட்டுப் போட்டிருக்குது. நாளைக்கு இது வழியாவே மீனெல்லாம் ஓடிப்போயிடுமே' என்று நினைத்தேன். சாக்குத் தைக்கும் கோணூசியை எடுத்தேன். மெல்லிய சணலில் அந்த இடம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கித் தைத்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. கேட்காமலே ஒரு உதவி செய்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவர்களையெல்லாம் ரைட்டர் குளத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். குளம் ஊற்றுத் தண்ணீர். வெயில் காலத்தில் இடுப்பளவுதான் இருக்கும், தரை தெரியும். கெண்டையும் கெளுத்தியும் விட்டிருந்தார்கள். முதலாளியும், அவரோடு வந்த இரண்டு படகுக்காரர்களும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் தாமதமாகி அந்தப் பெண் ஓடி வருவதற்குள், வலையைத் தண்ணீரில் இறக்கி, இரு கரையிலும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"சார், ஒரு நிமிஷம். மடியைப் பாத்துடறேன்" என்றார் அந்தப் பெண்.

"நேரமாவுது. இழுக்கச் சொல்லும்மா" என்றார் முதலாளி.

இழுத்தோம். நானும் ஒரு கயிற்றில்தான் இருந்தேன். மடியைக் கரையில் அவிழ்த்ததும் பத்துப் பன்னிரண்டு பெரிய மீன்களோடு குஞ்சுகள் குவியலாகக் கொட்டின. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். மண்ணில் துடித்தன.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போய்விட்டது. படகுக்காரர்களில் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதுக்கா புது வலை? எங்க பழைய வலையே இதைத்தானே தங்கச்சி செய்யுது!" முதலாளி எழுந்து துண்டை உதறினார். "ஆச்சு. சாப்பிட்டுட்டு பஸ் ஏறிக்கோ."

அந்தப் பெண் மண்டியிட்டு மடியைப் புரட்டினார். சணல் தையலைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"சார், இதுல ஒரு ஜன்னல் வச்சிருந்தேன். குஞ்சு தப்பிச்சுப் போறதுக்கு. யாரோ தைச்சு அடைச்சிருக்காங்க."

"வேல நடக்கலேன்னா ஒரு சாக்கு சொல்லணும்ல" என்றார் முதலாளி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற ரைட்டருக்கும் விளங்கிவிட்டது. மே மாதத்தில் குடோனில் கோணூசி பிடிப்பவன் நான் ஒருவன்தானே. மூட்டையைக் குடோனில் போட்டது தான் என்பதால் பழிக்குப் பயந்து, அவர் என் காதோடு சொன்னார்: "வாயத் தொறந்த, தோலை உரிச்சுப்போடுவேன். எஸ்டேட் குடுத்த லயன் ஊட்டுல பொண்டாட்டி புள்ளைங்களோட இருக்கோணுமா, வேண்டாமா?"

இருக்க வேண்டும்தான். ஆனால் அந்தப் பெண் பொய் சொன்னதாகக் கீழே போய் ஊரெல்லாம் பேசுவார்களே! அப்புறம் எந்தப் படகில் ஏற்றுவார்கள்? நான் மீன் குவியலைத் தாண்டி முன்னால் போனேன்.

"ஐயா, அவங்க சொல்றது நெசமுங்க. நாந்தானுங்க தெச்சேன். கிழிசல்னு நெனச்சுப்போட்டேன்."

"உன்னை யார்றா தைக்கச் சொன்னது?" என்றார் முதலாளி.

"யாரும் சொல்லலீங்க. எம்பட தப்புங்க." அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டேன். "மன்னிச்சுப்போடு சாமி. நல்லது பண்றதா நெனச்சு கெடுத்துப்போட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். "நானும் பாக்காம விட்டேனே அண்ணே" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை இழுக்கணும் சார்."

"ஒரு தடவைன்னுதான் பேச்சு."

"அடைச்ச வலையைக் காட்டவா சார் நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

"இழுக்கறதுக்கு ஆளு யாரு?" என்று ரைட்டர் இடையில் புகுந்தார். "எல்லாரும் போங்கடா!"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஏனுங்க ரைட்டருங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க. லீவு நாளுல எங்க கையி எங்களதுங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒருவன், "கோழி கூவிருச்சுடா, எந்திரிங்க!" என்று சொல்லிக் கயிற்றை எடுத்தான். சிரிப்போடு சிரிப்பாக எல்லாரும் எடுத்துவிட்டார்கள். களையெடுக்கும் பெண்களில் ஒருத்தி, "பேசிட்டு நிக்கறீங்களே, குஞ்செல்லாம் சாவுது பாருங்க!" என்று கத்தி, குடத்தில் அள்ளித் தண்ணீரில் விட ஆரம்பித்தாள். பாதி பிழைத்தன. பாதி வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

நான் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மிதக்கும் குஞ்சுகளைக் காட்டிச் சொன்னார். கடலடித் தரை வெறும் மணல் இல்லையாம். நாக்கு மீன், திருக்கை, நண்டு எல்லாம் மண்ணில் புதைந்தும் ஒட்டியும் குடித்தனம் நடத்துகிற ஊராம் அது. இறாலுக்காக வலை அந்தத் தரையை வாரிக்கொண்டு போகும்போது, வேண்டாத குஞ்சும் குருமானும் சேர்ந்து வந்துவிடுகின்றன. மேலே வந்ததும் செத்ததைக் கழிவு என்று திரும்பக் கடலில் கொட்டுகிறார்கள். "தினமும் இதே மாதிரி மிதக்கும் அண்ணே. யாரும் எண்ணிப் பாக்கறதில்லை."

சாதாரண வலைக்கண் சாய்ந்த கட்டம், இழுத்தால் மூடிக்கொள்ளும். நேர்க்கட்டமாக வைத்தால் இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். இதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாக்கை மூலைக்கு மூலை இழுத்தால் இழை நெருங்கும், நேராக இழுத்தால் நெருங்காது. தினமும் சாக்கை இழுப்பவனுக்குத் தெரியாதா? தெரிந்த கைதான் அதை அடைத்தது!

இரண்டாம் முறை இழுத்தோம். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வலை நகர நகர, தெளிந்த தண்ணீரில் அந்தச் சதுரம் வழியாகக் குஞ்சுகள் பொடிப்பொடியாக வெளியே வருவதை எல்லாரும் பார்த்தோம். கயிற்றில் இருந்தவர்கள் கூவினார்கள். மடியை அவிழ்த்தபோது பெரிய மீன்கள், ஒரு கை குஞ்சு, அவ்வளவுதான்.

"கொளம் வேற, கடல் வேற" என்று சொல்லிவிட்டு முதலாளி பங்களாவுக்கு நடந்தார். படகு தருவதாகச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை.

ஆனால் முன்பு தொடையைத் தட்டிச் சிரித்த படகுக்காரர் போகவில்லை. குனிந்து, ஜன்னலில் விரலை விட்டுப் பார்த்தார். "இறால் நிக்குமா தங்கச்சி?"

"கொஞ்சம் போகும். எவ்வளவுன்னு தெரியாது. அது தெரியத்தான் படகு கேக்கறேன்."

அவர் எழுந்து கையைத் துடைத்தார். "தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுக்காகத் தர்றேன். ஆடிக் காத்து அடங்கினதும் வா."

மறுநாள் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். "பங்களாவுக்குப் போயி ஐயா கால்ல உளுந்து மன்னிப்புக் கேட்டுப்போடு. அப்பத்தான் உன் குடோன் வேல தப்பிக்கும்."

"யாருக்குக் கெடுதல் பண்ணினேனோ அவங்ககிட்ட கேட்டாச்சுங்க. ஐயாவுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணினேன்?"

கோணூசியை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் காப்பிக் கன்று நடக் குழி வெட்ட அனுப்பினார்கள். இரண்டு மழைக்காலம் வெட்டினேன். இதற்கிடையில் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கடலில் இழுத்துப் பார்த்தாராம். குஞ்சுகள் தப்புகின்றன, இறாலும் கொஞ்சம் போகிறது, ஜன்னலை வேறு இடத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன் என்று எழுதியிருந்தார். அன்று என் மனைவி, "குழி வெட்ற கைக்கு கார்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்று சிரித்தாள்.

கண்ணுகளா, அந்தக் குஞ்சுகள் செத்தது என் கையால், அதற்கு அன்றே தலை குனிந்தேன். ஆனால் அதை நான்தான் செய்தேன் என்று சொன்ன வாய்க்காக இன்றுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.