மணப்பட்டு அக்காவின் மூன்று குட்டைகள்

புதுக் கருவிக்குப் பொட்டு வைக்காமல் தொடவே விடமாட்டேன் என்று மணப்பட்டு இறால் குட்டைக்கார அக்கா வழிமறித்து நின்றார். ஆயுத பூஜைக்கு டிராக்டருக்குச் செய்வதுபோல, உள்ளங்கை அகலமே இருந்த என் பெட்டிக்கு மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினார். நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. ஆய்வகத்துக்குள்ளேயே வைத்து வளர்த்த கருவியை முதன்முதலாகக் குட்டைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தேன். சாமி துணை இருக்கட்டுமே என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விஷயம் எளிது. விரல் நீளப் பட்டை, அதன் நுனியில் நுண்துளைகள் நிறைந்த கரிப்பூச்சு. துளைகளுக்குள் வைரஸைப் பிடிக்கும் சரக்கை ஏற்றியிருப்போம். இறாலின் காலை நசுக்கிய நீரில் ஒரு சொட்டு விட்டால், வெள்ளைப்புள்ளி வைரஸ் இருந்தால் வந்து ஒட்டும், மின்னோட்டம் மாறும், பெட்டி சொல்லிவிடும். இறால் ஓட்டில் புள்ளி தெரியும்வரை காத்திருந்தால் குட்டையே போய்விடும், பக்கத்துக் குட்டையும் சேர்ந்து போகும்.

அக்கா ஆசையாகப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மூன்று குட்டையிலும் வைரஸ் என்றது பெட்டி. அவர் முகம் செத்துவிட்டது. அந்த வருடத்துப் பிழைப்பே அந்த மூன்று குட்டைகள்தான். அக்கா தூக்குவாளியில் இருந்த குடிதண்ணீரை நீட்டினார்.

"இது இன்னா சொல்லுதுன்னு பாரு."

அதற்கும் வைரஸ்!

"அப்போ நானும் எறாலுதான்டி" என்றார் அக்கா.

அப்போதுதான் பட்டையின் நுனியில் மஞ்சள் கறையைக் கவனித்தேன். மஞ்சளும் மின்சாரத்துக்குப் பதில் சொல்லும். கரியின் துளைகள் அதையும் உறிஞ்சி வைத்திருந்தன. "தப்பு என்னுதுதான்க்கா. மஞ்ச கையில பட்டைய எடுக்க வுட்டிருக்கக் கூடாது" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் உயிர் வந்தது.

பிறகு கை கழுவி, புதுப் பட்டைகளை நானே பிரித்தேன். இரண்டு குட்டைகள் சுத்தம். மூன்றாவது மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் வைரஸ் என்றது. இறால்களோ துள்ளிக்கொண்டிருந்தன. சற்றுமுன் குடிதண்ணீருக்கே பழி போட்ட பெட்டியின் பேச்சை நானாக இருந்தால் கேட்டிருக்கமாட்டேன். அக்கா அன்று சாயங்காலமே அந்தக் குட்டையில் வலை இறக்கினார். பாதி வளர்ந்த இறாலை அள்ளிவிட்டு, தண்ணீரை வாய்க்காலில் விடாமல் பிளீச்சிங் பவுடர் போட்டு நிறுத்தினார். இரண்டு நாள் கழித்து டவுன் ஆய்வகமும் அதையேதான் சொன்னது. மற்ற இரண்டும் தப்பித்தன.

இப்போது கருத்தரங்குகளில் என் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார்கள். நானும் படம் போட்டு விளக்குகிறேன். அந்த இரண்டு குட்டைகளின் அறுவடையன்று, எப்படி நம்பினீர்கள் என்று அக்காவை நான் கேட்டேன். என் தட்டில் இறால் தொக்கை அள்ளி வைத்தபடியே சொன்னார்:

"மெஷின எவ நம்புனா? தப்பு என்னுதுன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னியே, ஒன்ன நம்புனேன். சாப்புடு."